சிப்பித்துறையில சத்தத்த ரெண்டாப் பிரிச்ச தையல்நாயகி

ஒரு ஊர்ல ஒரு மைக் செட்டுக்காரி இருந்தா. பேரு தையல்நாயகி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவா இருந்தாலும் ஒரு லோடு ஆட்டோவுல ஸ்பீக்கரு, ஒயரு, மைக்கு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, டர்ர்ர்ருன்னு அவளே ஓட்டிக்கிட்டு வந்து இறங்குவா. தலையில ஒரு துண்டு, இடுப்புல ஒரு டெஸ்டர். ம் கொட்டுறியா?

"ம்."

நல்லா கொட்டு. நீ கொட்டலன்னா அத்தைக்குக் கதை மறந்து போயிடும்.

அந்தத் தையல்நாயகிக்கு வலது காது கேக்காது. மூணு வயசுல காய்ச்சல்ல போன காது. இடது காது ஒண்ணுதான். ஊருல சில பேரு, "ஒத்தக் காதுக்காரிக்கு எதுக்குடா மைக் செட்டு?"ன்னு பேசுவாங்க. அதையும் அவளோட வலது பக்கமா நின்னுதான் பேசுவாங்க. கேக்காதுல்ல?

ஒத்தக் காதுன்னா எப்படி இருக்கும் தெரியுமா? கண்ண மூடு. இப்போ நான் சொடக்கு போடுறேன். டக். எந்தப் பக்கம்? ஆங், சன்னல் பக்கம். உன் ரெண்டு காதும் கலந்து பேசி உனக்குச் சொல்லிடுது. அவளுக்குச் சத்தம் கேக்கும், ஆனா எந்தப் பக்கம்னு தெரியாது. ரோட்டுல பஸ்ஸு பாம்ம்னு ஹாரன் அடிச்சா, முன்னாடியா பின்னாடியான்னு தெரியாது. தலைய இப்படி ஒரு தடவ திருப்புவா, அப்படி ஒரு தடவ திருப்புவா. எப்படித் திரும்பும்போது சத்தம் பெருசாகுதோ, அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்குவா. சின்ன வயசுலேருந்து அப்படியே பழகிட்டா.

அவகிட்ட ஒரு மிக்சர் இருந்தது. சிரிக்காதடி, திங்கிற மிக்சர் இல்ல. இது சத்தத்தக் கலக்குற பெட்டி. உன் பள்ளிக்கூடப் பை அகலம்தான் இருக்கும். அதுல மேலேருந்து கீழ வரைக்கும் வரிசை வரிசையா குமிழுங்க. ஒரு மைக்குக்கு ஒரு வரிசை. அந்த வரிசைக்குச் சேனல்னு பேரு. அவளோடதுல ஆறு சேனலு.

ஒவ்வொரு சேனல்லயும் உச்சியில இருக்கிறது கெயின். அது வாசக்கதவு மாதிரி. கொஞ்சமாத் தொறந்தா சத்தம் முணுமுணுன்னு வரும். ரொம்பத் தொறந்தா சத்தமெல்லாம் முட்டி மோதிக்கிட்டு உள்ள வந்து கர்ர்ர்னு கிழிஞ்சு போயிடும். அப்போ பக்கத்துல ஒரு சின்ன சிவப்பு லைட்டு பளிச் பளிச்சுன்னு எரியும். அதுக்குக் கீழ மூணு குமிழு. ஒண்ணு கீச்சுனு இருக்கிற மெல்லிசு சத்தத்துக்கு, ஒண்ணு நடுச்சத்தத்துக்கு, ஒண்ணு தொம்முனு இருக்கிற கனத்த சத்தத்துக்கு. அதுக்கும் கீழ, பேன்னு ஒரு குமிழு. இடது பக்கம் திருப்பினா சத்தம் இடது ஸ்பீக்கருக்குப் போகும், வலது பக்கம் திருப்பினா வலது ஸ்பீக்கருக்குப் போகும். தையல்நாயகி அதைத் தொட்டதே இல்ல. அவ காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? நடுவுல நிக்கட்டும்னு விட்டுட்டா. அப்புறம், ஒரு சேனல வாய மூட வைக்கிறதுக்கு ஒரு பட்டன். கடைசியா, அடியில, மேலயும் கீழயும் சர்ருன்னு தள்ளுற ஃபேடரு. உள்ள வந்த சத்தத்துல எவ்வளவு வெளிய போகணும்னு முடிவு பண்றது அதுதான். 

"ம்."

அப்போ ஒரு தை மாசம், சிப்பித்துறைன்னு ஒரு மீனவர் ஊர்ல காதுகுத்து. பாக்கியவதின்னு ஒரு பொண்ணு, அவளோட குழந்தைக்கு. முத நாளே தையல்நாயகி போய் பந்தல்ல மைக் செட்டு கட்டிட்டா. கடலுக்கு நேரா பந்தல். பந்தலுக்குப் பக்கத்துல ஆறு வந்து கடல்ல விழுது. அந்த ஆத்து வாய்தான் படகுக்கெல்லாம் வாசல். வாசலுக்கு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கருங்கல்லக் கொட்டி கடலுக்குள்ள கட்டி விட்டிருக்காங்க. வடக்க ஒரு கல்லுக்கட்டு, தெக்க ஒரு கல்லுக்கட்டு. நடுவுல உள்ள இடம் நம்ம தெருவவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். அதுக்குள்ளதான் படகு வரணும்.

குழந்தைய மடியில வச்சு காது குத்த வேண்டியது யாரு? தாய்மாமன். பாக்கியவதியோட தம்பி கலியன். அவன் என்ன பண்ணான், "முகூர்த்தம் எட்டரைக்குத்தானே, ஏழு மணிக்கெல்லாம் திரும்பிடுறேன்க்கா"ன்னு சொல்லிட்டு விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போயிட்டான். அவன் படகு மட்டும் இல்ல, மொத்தம் ஏழு படகு. படகுக்கு மூணு பேரு.

ஏழு மணி ஆச்சு. பந்தல்ல இட்லி வெந்துக்கிட்டிருக்கு. நாயனக்காரர் திருமேனி நாயனத்து வாயில மாட்டுற சீவாளிய நாக்குல வச்சு ஈரம் பண்றாரு. தவில்காரர் விரல்ல கூடு மாட்டுறாரு. அப்போ யாரோ, "கடலக் காணோம்!"னு கத்துனாங்க.

தையல்நாயகி நிமிந்து பாத்தா. கடல நெசமாவே காணோம். வெள்ளையா ஒரு பனி, பால் பொங்கி வர்ற மாதிரி, சத்தமே இல்லாம கடலுலேருந்து ஏறி வருது. முதல்ல கடல மூடுச்சு. அப்புறம் ரெண்டு கல்லுக்கட்டையும் மூடுச்சு. அப்புறம் கரையில கிடந்த வலையெல்லாம் மூடுச்சு. பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களுக்கு எதிர்ல நிக்கிறவங்க முகம் தெரியல. 

ஊர் நாட்டார், அதான் ஊர்த் தலைவரு, சிங்காரம்னு பேரு, வயசானவரு. அவரு மெதுவாச் சொன்னாரு. "நீரோட்டம் கரையப் பாத்து இழுக்குற நேரம் இது. பயலுவ சும்மா நின்னாலும் தண்ணி கல்லு மேல கொண்டாந்து போட்டுடும்."

சனமெல்லாம் கல்லுப் பக்கமாக் காதக் குடுத்தாங்க.

அப்போ பாக்கியவதி கையில இருந்த போனு டிரிங் டிரிங்குன்னு அடிச்சுது. கலியன்!

"அக்கா, ஒண்ணுமே தெரியலக்கா. ஏழு படகும் ஒண்ணாத்தான் நிக்கிறோம். கல்லுல அலை மோதுற சத்தம் கேக்குது, ரொம்பக் கிட்டக்க. எந்தக் கல்லுன்னு தெரியல. என் போன்ல சார்ஜ் ஒரு கோடுதான் இருக்கு. சத்தம் குடுங்கக்கா, சத்தம் குடுங்க!"

கட்டாயிடுச்சு.

அந்தக் காலத்துல அவங்க படகுல வழி காட்டுற கருவியெல்லாம் கிடையாது. சத்தம் ஒண்ணுதான் வழி. எல்லாரும் தையல்நாயகியப் பாத்தாங்க. இத்தன வருசமா அவ மிக்சர்ல என்ன வந்துச்சு? பாட்டு வந்துச்சு, "மொய் எழுதுறவங்க இந்தப் பக்கம் வாங்க" வந்துச்சு. உயிரக் காப்பாத்துற வேலை வந்ததில்ல.

"ம்... அப்புறம்?"

அப்புறம், ரெண்டு குழாய் ஸ்பீக்கரையும் கடலப் பாத்துத் திருப்புனா. ஒண்ணாவது சேனல்ல பாக்கியவதி, ரெண்டாவதுல நாயனம், மூணாவதுல தவிலு. சனமெல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு, "ஃபுல்லா வை! ஃபுல்லா வை!"ன்னு கத்துறாங்க. அவளும் பதட்டத்துல எல்லாக் கெயினையும் கடைசி வரைக்கும் திருப்பிட்டா.

கூஊஊய்ய்ங்! கர்ர்ர்ர்! கர்ர்ர்ர்!

காக்காயெல்லாம் பறந்து போச்சு. குழந்தைங்க காதப் பொத்திக்கிச்சு. பெருசா இருந்தது சத்தம், அம்மாடி அவ்வளவு பெருசு! சனத்துக்கெல்லாம் சந்தோசம். ஆனா தையல்நாயகி பாத்தா, மூணு சேனல்லயும் சிவப்பு லைட்டு அணையாம எரியுது.

டிரிங் டிரிங். ரெண்டாவது தடவையா கலியன்.

"அக்கா, என்னமோ தகரத்தக் கிழிக்கிற மாதிரி கேக்குதுக்கா. பேச்சா பாட்டா ஒண்ணும் புரியல. பயமா இருக்குக்கா."

கட்டு.

தையல்நாயகி கண்ண மூடி ஒரு மூச்சு விட்டா. "கதவ ரொம்பத் தொறந்துட்டேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. கெயினக் கொஞ்சம் கொஞ்சமா மூடுனா. சிவப்பு லைட்டு படபடன்னு துடிச்சு, அப்புறம் எப்பவாவது ஒரு தடவ கண்ணடிச்சு, அப்புறம் நின்னே போச்சு. மைக்கையெல்லாம் ஸ்பீக்கருக்குப் பின்னாடி நகத்தி வச்சா, ஊளை நின்னுது. அப்புறம் ஃபேடர மட்டும், சர்ர்ருன்னு, மேல தள்ளுனா.

"கலியா! தம்பி! அக்கா பேசுறேன்!"

ஆகா, என்ன தெளிவு! பாக்கியவதியோட குரல் உடையாம, கிழியாம, முழுசா போவுது. பின்னாடியே நாயனம் பீ பீப்பீன்னு, தவிலு தொம் தொம் தகதொம்முன்னு.

டிரிங் டிரிங். மூணாவது தடவ.

"இப்போ கேக்குதுக்கா! ஆனா தொம்மு தொம்முன்னு என்னமோ இடிக்குது. அது கல்லுல மோதுற அலையா, உங்க சத்தமான்னு தெரிய மாட்டேங்குது..."

கட்டு.

தையல்நாயகி தவில்காரரப் பாத்தா. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சேனல மூடுறேன்."

"ஏம்மா, என் தவிலுக்கு என்ன?"

"உங்க தவிலு அலை மாதிரியே இடிக்குதுண்ணே. பயலுவளுக்கு அலை எது, தவிலு எதுன்னு தெரியல."

அவரு அப்படியே கைய எடுத்துட்டாரு. கோவிச்சுக்கல. தவில மணல்ல இறக்கி வச்சுட்டு, "வேற என்ன செய்யணும், சொல்லு"ன்னு கேட்டாரு பாரு, அவர் மனுசன்!

பட்டன அமுக்குனா. தவில் சேனலு வாய மூடிக்கிச்சு. அப்புறம் பாக்கியவதி சேனல்லயும் நாயனத்துலயும், கனத்த சத்தத்தோட குமிழ அடியோட குறைச்சா. நடுச்சத்தத்தக் கொஞ்சம் ஏத்துனா, கீச்சுச் சத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்துனா. பாக்கியவதி குரல் ஒல்லியாயிடுச்சு. கம்பி மாதிரி, ஊசி மாதிரி. பந்தல்ல கேக்க நல்லாவே இல்ல. ஒரு பொம்பள, "என்னடி இது, சளி பிடிச்ச மாதிரி பண்ணிட்டா"ன்னுச்சு. ஆனா அலை தொம்முனு கீழ உருள, இந்தக் குரல் அதுக்கு மேல, தண்ணி மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி தனியா மிதந்து போச்சு.

டிரிங்.

"அக்கா! நல்லாக் கேக்குது! ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது! ஆனா எந்தப் பக்கம்னு தெரியலக்கா. நாலு பக்கமும் கேக்குது. பனிக்குள்ள சத்தம் சுத்திச் சுத்தி வருது. எந்தப் பக்கம் வரட்டும்? அக்கா, எந்தப் பக்..."

இந்தத் தடவ கட்டாகல. போனே செத்துப் போச்சு. சார்ஜ் தீந்துடுச்சு. இனிமே அங்கேருந்து ஒரு வார்த்தை வராது.

"ம்..."

பயப்படாதடி, அத்தை கையப் பிடிச்சுக்க.

எல்லாருக்கும் அழுகை வந்துடுச்சு. ஆனா தையல்நாயகிக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஏன் தெரியுமா? சத்தம் கேக்குது, எந்தப் பக்கம்னு தெரியல. அது யாரோட கஷ்டம்? அது அவளோட கஷ்டம்! மூணு வயசுலேருந்து அவ அந்தப் பனிக்குள்ளதான் நின்னுக்கிட்டிருக்கா. இருபத்தோரு ஆம்பளைங்க அவ நிக்கிற இடத்துக்கு இன்னைக்குத்தான் வந்திருக்காங்க. பக்கம் தெரியாதப்போ என்ன பண்ணணும்னு அந்தக் கரையிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கேருந்து வருதுன்னு தேடக் கூடாது. எது பெருசா கேக்குது, எது சின்னதா கேக்குதுன்னு பாக்கணும்.

"நாட்டாரய்யா!"ன்னு கத்துனா. "ஒரு குழாய வடக்குக் கல்லுக்குக் கொண்டு போகணும். ஒரு குழாயத் தெக்குக் கல்லுக்கு. நுனி வரைக்கும். ஒயர ஆத்துக்குக் குறுக்க போடாதீங்க, படகு மாட்டிக்கும். ஆத்து மேல இருக்கிற நடைபாலம் வழியா சுத்திக் கொண்டு போங்க!"

பொம்பளைங்க ஓடுனாங்க பாரு! காதுகுத்துக்குக் கட்டுன பட்டுச் சேலைய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டு, ரெண்டு பேரு குழாயத் தூக்க, நாலு பேரு ஒயர் சுருள உருட்ட, திடுதிடுதிடுன்னு நடைபாலத்து மேல ஓடுனாங்க. வடக்குக் கல்லு நுனிக்கு இன்னும் பத்தடி இருக்கு, ஒயரு தீந்து போச்சு. உடனே தவில்காரரு பந்தல்ல தொங்குன சீரியல் பல்பு ஒயர சடசடன்னு இழுத்தாரு, பல்பையெல்லாம் வெட்டிப் போட்டாரு, எடுத்துக்கிட்டு ஓடுனாரு. தையல்நாயகி அவருக்கு ஒயர முறுக்கி டேப் சுத்தக் கத்துக்குடுத்தே அனுப்புனா.

அப்புறம் அவ மிக்சருக்கு முன்னாடி வந்து உக்காந்தா. இத்தன வருசமா தொடாத அந்தப் பேன் குமிழு. நாயனம் சேனலோட பேன, ஒரு ஓரத்துக்கு, வடக்குக் குழாய்க்குத் திருப்புனா. பாக்கியவதி சேனலோட பேன இன்னொரு ஓரத்துக்கு, தெக்குக் குழாய்க்குத் திருப்புனா.

அவ காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கு. சரியாப் பண்ணமா, தப்பாப் பண்ணமா, அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல நின்ன நாட்டாரப் பாத்து, "அய்யா, பிரிஞ்சுதா?"ன்னு கேட்டா.

நாட்டாரு வாயப் பொளந்து நிக்கிறாரு. அவருக்கு முன்னாடி, ஒரே பாயில, பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, திருமேனியும் பாக்கியவதியும். ஒருத்தர் ஊதுறாரு, ஒருத்தி கூப்புடுறா. ஆனா நாயனம் அங்க வடக்க, பனிக்குள்ள, கல்லு நுனியிலேருந்து ஊதுது. பாக்கியவதி குரல் தெக்க, கடலுக்குள்ளேருந்து கூப்புடுது. ஆளு இங்க இருக்காங்க, சத்தம் எழுந்து நடந்து போயிடுச்சு.

"பிரிஞ்சுதும்மா..."ன்னாரு அவரு. கை தானா கும்பிட்டுக்கிச்சு. "நாயனம் வடக்க போயிடுச்சு. புள்ளைக் குரல் தெக்க போயிடுச்சு. நடுவுல வாசல் தெரியுதும்மா, கண்ணுக்குத் தெரியல, காதுக்குத் தெரியுது!"

அப்போ தையல்நாயகி பாக்கியவதிகிட்ட என்ன பேசணும்னு சொல்லிக்குடுத்தா. பாக்கியவதி மைக்குல சொன்னா.

"தம்பி! நாயனம் பெருசாக் கேட்டா நீ வடக்குக் கல்லுகிட்ட இருக்க. என் குரல் பெருசாகுற பக்கமாத் திருப்பு. என் குரல் பெருசாக் கேட்டா தெக்குக் கல்லுகிட்ட இருக்க. நாயனம் பெருசாகுற பக்கமாத் திருப்பு. ரெண்டும் ஒரே அளவாக் கேட்டா, அதான் வாசல். நேரா வா!"

திரும்பத் திரும்ப இதையே சொன்னா. தையல்நாயகியோட ரெண்டு விரலு ரெண்டு ஃபேடரு மேல. நாயனம் ஏறுனா ஒரு நூல் இறக்குவா. பாக்கியவதி குரல் தளந்தா ஒரு நூல் ஏத்துவா. ரெண்டும் சமமா இருக்கணும். ஒரு பக்கம் சாஞ்சா, அங்க படகு சாஞ்சுடும். மிக்சர்ல ரெண்டு வரிசையா பச்சை லைட்டு எரியும், இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. அது ரெண்டையும் கண் கொட்டாம பாத்துக்கிட்டு, காதால செய்யுற வேலையக் கண்ணால செஞ்சா.

ஒரு நிமிசம். ரெண்டு நிமிசம். பனி. அலை. நாயனம். குரல்.

அப்போ...

புட். புட். புட். புட்.

வெள்ளைக்குள்ளேருந்து கறுப்பா ஒரு மூக்கு வந்துது. படகோட மூக்கு! ரெண்டு கல்லுக்கும் நட்டநடுவுல, கோடு போட்ட மாதிரி வந்துது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. கரையில ஒருத்தரும் கத்தல. கத்துனா அந்தச் சத்தம் கலந்துடும்னு வாயப் பொத்திக்கிட்டு, கண்ணீர் வழிய வழிய, விரல் விட்டு எண்ணிக்கிட்டு நிக்கிறாங்க.

மூணு படகு வந்தாச்சு. நாலாவது படகு சத்தம் கேக்குது. அப்போ பாக்கியவதி, "நேரா வா"ன்னு சொல்ல வாய் தொறந்தா, காத்துதான் வருது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு! தெக்குக் குழாய் ஊமையாயிடுச்சு.

நாயனம் மட்டும் கேக்குது. படகுல இருக்கிறவனுக்கு என்ன தோணும்? "ஓகோ, வடக்குக் கல்லுகிட்ட போயிட்டோம் போலருக்கு"ன்னு தெக்க திருப்புவான். திருப்பிட்டான்! கிர்ர்ரீச்ச்! கல்லுல படகு உரசுற சத்தம்.

தையல்நாயகி யோசிக்கல. மிக்சருக்குப் பக்கத்துல கிடந்த டெஸ்டிங் மைக்க எடுத்தா. நாலாவது சேனலு. பேன் தெக்க. கெயின் பாதி. ஃபேடரு மேல.

மைக்க வாய்க்கிட்ட கொண்டு போயிட்டா. ஆனா என்ன பேசுறது? ஊருக்கெல்லாம் மைக்கு குடுத்தவ, டெஸ்டிங் பண்றதத் தவிர அவ ஒரு நாளும் மைக்குல பேசுனதில்ல. வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்! ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ஆமாண்டி, அதேதான்! கடல் முழுக்கக் கேக்குது. "ஒண்ணு! ரெண்டு! மூணு! ஒண்ணு! ரெண்டு! மூணு!"

அந்தப் படகுக்காரன், "அய்யோ, தெக்குக் கல்லு மூஞ்சிக்கு நேரா பேசுதுடா!"ன்னு சுக்கானத் திருப்புனான். டமால்னு மோத வேண்டியது, சர்ருன்னு விலகி உள்ள வந்துது. பலகையில ஒரு கீறல், அவ்வளவுதான். அதுல ஏறி நின்னு வந்தவன் யாரு? கலியன்! பாக்கியவதி இடுப்பளவு தண்ணியில இறங்கி அவன் தலைமுடியப் பிடிச்சு இழுத்துக் கட்டிக்கிட்டா. திட்டணும்னு வாயத் தொறக்குறா, குரலே வரல. அடிச்சா. நாலு அடி. அப்புறம் அழுதா.

தையல்நாயகி நிறுத்தல. "ஒண்ணு, ரெண்டு, மூணு." அஞ்சாவது படகு. "ஒண்ணு, ரெண்டு, மூணு." ஆறாவது. ஏழாவது! ஏழும் வந்தாச்சு, இருபத்தோரு பேரும் வந்தாச்சு! இப்போதான் கரை கத்துச்சு பாரு, ஓஓஓன்னு!

முழிச்சிருக்கியா?

"...ம்."

நாட்டாரு வந்து, "போதும்மா, எல்லாப் பயலும் வந்துட்டான், நிறுத்திக்க"ன்னாரு. திருமேனிக்கு உதடெல்லாம் வீங்கிப் போயிடுச்சு. தையல்நாயகி ஃபேடரு மேல விரல வச்சா. இறக்கப் போனா. ஆனா இறக்கல.

"அய்யா, பனி இன்னும் கலையலையே"ன்னா. "கடல்ல நம்ம படகு மட்டுமா இருக்கும்? இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்."

அவரு திருமேனியப் பாத்தாரு. திருமேனி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, நாயனத்த எடுத்து வாயில வச்சாரு. திரும்பவும் வடக்க நாயனம். தெக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு."

கா மணி நேரம் போச்சு. ஒண்ணும் இல்ல. அரை மணி நேரம் ஆச்சு. சனமெல்லாம் இட்லி திங்கப் போயிட்டாங்க. முகூர்த்தம் தாண்டிப் போகுதுன்னு பெரியவங்க முணுமுணுக்குறாங்க. தையல்நாயகிக்கு நாக்கு வறண்டு போச்சு. இருந்தும் எண்ணிக்கிட்டே இருந்தா.

புட். புட். புட்.

எல்லாரும் இலையில கை வச்சபடியே நின்னுட்டாங்க. ஏழு படகும் கரையில கிடக்கு. இது எது?

பனிக்குள்ளேருந்து ஒரு பச்சைப் படகு வந்துது. அந்த ஊர்ல யாரும் பாத்தே இராத படகு. அதுல மூணு பேரு, குளிர்ல உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போயி, ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மூத்தவரா இருந்தவரு மண்ணுல காலை வச்சாரு. குனிஞ்சு மண்ணத் தொட்டுப் பாத்தாரு, நெசமாவே மண்ணுதானான்னு. அப்புறம் நிமிந்து கேட்டாரு.

"இது எந்த ஊருங்க?"

சிப்பித்துறைன்னு சொன்னாங்க. அவருக்கு அந்தப் பேரே தெரியல. எங்கேயோ தூரத்து ஊரு அவங்களது. ராத்திரியெல்லாம் இஞ்சின் பழுதாகி, நீரோட்டத்துல இழுத்துக்கிட்டே வந்து, இப்போதான் இஞ்சினைச் சரி பண்ணி, எங்க போறதுன்னு தெரியாம சுத்திக்கிட்டிருந்திருக்காங்க.

"முதல்ல ஒரு பொண்ணு வாசலுக்கு வழி சொல்லிச்சு. அப்புறம் யாரோ எண்ணிக்கிட்டே இருந்தாங்க"ன்னாரு. "எங்களுக்கு எண்ணல, யாருக்கோ எண்ணுறாங்கன்னு தெரியும். இப்போ நின்னுடும், இப்போ நின்னுடும்னு பயந்துக்கிட்டே வந்தோம். நிக்கவே இல்லீங்க. யாரு அது?"

எல்லாரும் பந்தலுக்குள்ள திரும்பிப் பாத்தாங்க. தையல்நாயகியோட வலது பக்கமா அவங்க நின்னதால அவளுக்கு எதுவும் கேக்கல. மிக்சர் மேல குனிஞ்சு, பச்சை லைட்டப் பாத்துக்கிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு இன்னும் எண்ணிக்கிட்டிருக்கா.

அந்த மூத்தவரு நடந்து போய், அவ எதிர்ல மணல்ல உக்காந்தாரு. அவ நிமிந்து பாத்தா. ஈரத்தோட, தெரியாத முகம். அவளுக்குப் புரிஞ்சு போச்சு. மைக்க மடியில வச்சுட்டா. ரெண்டு ஃபேடரையும் பிடிச்சு, ரொம்ப மெதுவா, தூங்குற குழந்தைய இறக்கி விடுற மாதிரி, அடி வரைக்கும் இறக்குனா.

என்னடி? அந்தக் குழந்தைக்குக் காது குத்துனாங்களான்னா கேக்குற? குத்தாம விடுவாங்களா? மத்தியானம் கலியன் மடியில வச்சுக் குத்துனாங்க. அது வீல்னு கத்துச்சு. வந்த அந்த மூணு பேரும் பந்தியில உக்காந்து பருப்பு, சாம்பாரு, பாயசம் எல்லாம் சாப்பிட்டுட்டு, பனி விலகுன அப்புறம் அவங்க ஊருக்குப் போனாங்க.

ம் கொட்டு. ...

கொட்டலையா? சரி, சரி. எல்லாப் படகும் கரைக்கு வந்தாச்சு, அத்தையோட சத்தத்தையும் மெதுவா இறக்கியாச்சு. நீ தூங்குடி செல்லம்.